எந்தத் தெரு வாசல்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னையில் 108 கட்டுப்பாட்டு அறையில் அழைப்பு எடுக்கும் வேலை எனக்கு. சொந்த ஊர் செட்டிநாட்டுப் பள்ளத்தூர். நம் பக்கத்து ஆட்கள் என்று பேச்சிலேயே தெரிந்துவிடும், விலாசம்தான் பிடிபடாது. "பெரிய வீடு, யாரைக் கேட்டாலும் சொல்லுவாக" என்பார்கள். நடுராத்திரியில் டிரைவர் யாரைக் கேட்பார்?

செட்டிநாட்டு வீடு முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடக்கும். ஆச்சி விழுந்து கிடப்பது பின்கட்டு அடுப்படியில். வண்டி நிற்பதோ பூட்டிய முகப்பில். பிள்ளைகள் சிங்கப்பூரில், துணைக்கு இருக்கும் பெண்ணிடம் சாவி இருக்காது. ஆகவே எந்தத் தெரு வாசல் திறந்திருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாவட்டத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். கொத்தமங்கலம் சிவகங்கையிலும் உண்டு, புதுக்கோட்டையிலும் உண்டு.

"இத்தனை கேள்வி எதுக்கு, வண்டியை அனுப்பும்மா" என்று திட்டு விழும். சரி, பதற்றம். ஆனால் இடம் தெரியாமல் எந்த ஊர் வண்டியை அனுப்புவது? மூச்சு இருக்கிறதா, நினைவு இருக்கிறதா என்று கேட்பது வண்டியில் வரும் மருத்துவ உதவியாளருக்காக.

அப்புறம், எங்களிடம் பேசிய கையோடு அதே போனில் சிங்கப்பூருக்குப் பேச ஆரம்பிக்காதீர்கள். வழி கேட்க டிரைவர் அந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்.

– 108 ஊழியர், பள்ளத்தூர்க்காரி, சென்னை