கண்காணிப்புக் குழுவின் கையில் என்ன இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலிபோர்னியப் பள்ளி மாவட்டங்கள் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்), வாக்காளர்களின் ஒப்புதலோடு கடன் பத்திரங்கள் மூலம் திரட்டி, சொத்து வரியிலிருந்து அடைக்கும் பணத்தைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, மக்கள் கண்காணிப்புக் குழு ஒவ்வொரு டாலரையும் காவல் காப்பதால் பெற்றோர் கவலையின்றி ‘ஆம்’ என்று வாக்களிக்கலாம் என முடிகிறது. அப்படியொரு குழுவில் வரி செலுத்துவோர் தரப்பில் அமர்ந்திருந்தவன் என்ற முறையில், அந்தக் காவல் எந்த ஊரில் நடக்கிறது என்று கட்டுரையாளர் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

2000 நவம்பரில் மாநில வாக்காளர்கள் நிறைவேற்றிய புரொப்பொசிஷன் 39 என்ற தீர்மானம், இத்தகைய பத்திரங்களுக்குத் தேவைப்பட்ட மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளை 55 விழுக்காடாகக் குறைத்தது என்பதும், அதற்கு ஈடாகவே ஆண்டுத் தணிக்கைகளும், அதையொட்டி வந்த சட்டத்தின் வழியே இந்தக் குழுவும் ஏற்பட்டன என்பதும் தாங்கள் அறியாததல்ல. குறைந்தது 7 உறுப்பினர்கள்; மாவட்டத்தின் ஊழியருக்கோ ஒப்பந்ததாரருக்கோ இடமில்லை. ஏட்டளவில் குறையில்லை. ஆனால் அந்த 7 பேரையும் நியமிப்பது, பணத்தைச் செலவழிக்கிற அதே பள்ளி வாரியம். ஓர் ஒப்பந்தத்தை நிறுத்தவோ, ஒரு பில்லைத் திருப்பி அனுப்பவோ குழுவுக்கு அதிகாரம் கிடையாது. செலவானதைப் பார்வையிட்டு ஊருக்குச் சொல்லலாம், அவ்வளவே.

அந்தச் சொல்லும் உரிமையாவது எங்களுக்குக் கிடைத்ததா என்றால், அதையும் கேளுங்கள். கூட்டம் வேலை நாளில் மாலை நான்கு மணிக்கு. அதற்கான கட்டுக் காகிதம் வந்து சேர்வது முந்தைய நாள் இரவு. ஒரு பள்ளியின் கூரை வேலையில் ‘சேஞ்ச் ஆர்டர்’ (ஒப்பந்த வேலையையும் தொகையையும் இடையில் மாற்றும் உத்தரவு) மேல் ‘சேஞ்ச் ஆர்டர்’ வந்து தொகை ஏறிக்கொண்டே போனபோது காரணம் கேட்டேன். எறும்புக்கால் எழுத்தில் ஓர் அட்டவணையைத் திரையில் காட்டினார்கள். மூன்றாவது வரிக்கு நான் வருவதற்குள் அடுத்த பக்கம் வந்துவிட்டது. எழுத்து மூலம் பதில் தருவதாகச் சொல்லி, அதே அட்டவணையை மின்னஞ்சலில் அனுப்பினார்கள். கூட்டக் குறிப்பிலோ, ‘உறுப்பினர் ஒருவர் விளக்கம் கேட்டார், விளக்கம் அளிக்கப்பட்டது’ என்று பதிவாகியிருந்தது. குழுவின் ஆண்டறிக்கையை எழுதியதும் மாவட்ட அலுவலகமே. ரிப்பன் வெட்டும் படத்துக்கு முழுப் பக்கம் கிடைத்த அதில், நான் எழுதிக் கொடுத்த ஒரு பத்தி மாற்றுக் கருத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமே என்று தள்ளிவிட வேண்டாம். 2011-இல் சான் டியேகோ அருகேயுள்ள போவே பள்ளி மாவட்டம் சுமார் 10.5 கோடி டாலர் கடன் வாங்கி, 20 ஆண்டுகள் எதுவும் கட்டாமல் இருந்து, 2051-க்குள் ஏறத்தாழ 98 கோடி டாலராகத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. கடன் எந்த நிபந்தனையில் வாங்கப்படுகிறது என்பது குழுவின் வேலையே அல்ல. வாங்கிய பின் செலவாவதைத்தான் அது பார்க்க வேண்டும். 2013-இல் சட்டம் வந்து, இவ்வகைப் பத்திரங்களில் திருப்பும் தொகை அசலைப் போல் நான்கு மடங்கைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. போவேக்காரர்களுக்கு அதனால் என்ன பயன்?

தங்கள் இதழின் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. தேர்தல் காலத்தில் பத்திரத்துக்கு ஆதரவான விளம்பரம் முழுப் பக்கத்தில் வருகிறது. இது குறித்து முன்பு நான் எழுதிய கடிதமோ நான்கு வரியாகச் சுருங்கியது. தமிழ்ச் சங்கப் பொருளாளர் பதவிக்கு முட்டி மோதும் நம்மவர்கள், தாங்கள் கட்டும் சொத்து வரியால் அடைபடும் கோடிக்கணக்கான பணத்தைப் பார்வையிடும் இந்தக் குழுவின் காலியிடத்துக்கு ஒரு விண்ணப்பம்கூடப் போடுவதில்லை. கவலையே வேண்டாம் என்று தாங்களே அச்சிட்டால் அவர்கள் ஏன் போடப் போகிறார்கள்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. குழுவின் கூட்டங்களில் பொதுமக்கள் எவரும் கலந்துகொள்ளலாம் என்பதையும், முந்தைய நிதியாண்டின் தணிக்கை அறிக்கைகள் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 31-க்குள் குழுவிடம் தரப்பட வேண்டும் என்பதையும், காலியிடங்களுக்குப் பள்ளி வாரியத்திடம் விண்ணப்பிக்கலாம் என்பதையும் அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிடுங்கள். விளம்பரங்களுக்குப் போக மிஞ்சும் இடம் போதும்.

இப்படிக்கு,
முன்னாள் குழு உறுப்பினர் ஒருவர்,
சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதி, கலிபோர்னியா