மொட்டைமாடியில் ஹாட் டப்: முன்பணம் கொடுக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரில் வசதி படைத்தவர்கள் சிலர் வீட்டு மொட்டைமாடியில் ஹாட் டப் எனப்படும் சூடுநீர்த் தொட்டியை வைத்துக்கொள்வதை இப்போது பார்க்க முடிகிறது. அது அவரவர் விருப்பம். ஆனால் தொட்டியின் நிறத்தையும் விளக்கையும் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள், அதைத் தளம் தாங்குமா என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை என்பது, கட்டடப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்குக் கவலை தருகிறது.

ஐந்து பேர் அமரும் தொட்டியில் சுமார் 1,200 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் மட்டும் 1,200 கிலோ. தொட்டி 300 கிலோ. ஆட்கள் 350 கிலோ. இந்தச் சுமை முழுவதும் ஏறத்தாழ நான்கு சதுர மீட்டர் இடத்தில் இறங்குவதால், சதுர மீட்டருக்கு 460 கிலோவைத் தாண்டிவிடுகிறது. ஆட்கள் நடமாடும் மொட்டைமாடிக்கு, கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தர விதிகளான ஐ.எஸ். 875 கணக்கில் கொள்ளச் சொல்லும் சுமையோ சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். "ஏற்கெனவே மேலே தண்ணீர் டேங்க் இருக்கிறதே" என்பார்கள். அந்த டேங்க் பெரும்பாலும் தூண்களையும் பீம்களையும் ஒட்டி, அதற்கென்று கணக்கிட்ட இடத்தில் நிற்கிறது. ஹாட் டப்பையோ காற்றும் காட்சியும் நன்றாக இருக்கும் என்று தளத்தின் நட்டநடுவில் வைக்கச் சொல்கிறார்கள்.

தரைத்தளத்தில் வைப்பதே உத்தமம். அங்கும் டைல்ஸ் மேல் அப்படியே இறக்கிவிடாமல், கம்பி கட்டி நான்கு அங்குலக் கான்கிரீட் போட்டு, மட்டம் பார்த்து, நன்றாக இறுகவிட்ட பிறகே தொட்டியை வரவழைக்க வேண்டும். மோட்டார் இருக்கும் பக்கம் மெக்கானிக் உட்கார்ந்து வேலை செய்யும் அளவுக்காவது இடம் விடவேண்டும்.

30 அடிக்கு 40 அடி மனைகளில் வீட்டின் பக்கவாட்டுச் சந்து மூன்றடி இருந்தாலே அதிகம். தொட்டியைப் பக்கவாட்டில் நிமிர்த்திக் கொண்டுபோனாலும் அந்தச் சந்தில் நுழைவது கடினம், சன்ஷேடும் ஏ.சி. பெட்டியும் தடுக்கும். எங்கள் பக்கத்துத் தெருவில், மின்கம்பிகளுக்கு இடையே கிரேன் கையை நீட்ட முடியாமல், தொட்டி நடைபாதையிலேயே கிடக்க, பள்ளி முடிந்து வந்த பிள்ளைகள் சாலையில் இறங்கி நடந்தார்கள். ஒரு டேப்பை எடுத்து முன்பே அளந்திருந்தால் இந்த அவதி இல்லை.

மின்சாரத்தில் சிக்கனம் ஆபத்து. கீசருக்கு உள்ள பாயின்ட்டிலிருந்து வயரை இழுக்காமல், தனி லைன், முறையான எர்த், மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஆகியவற்றை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு அமைக்க வேண்டும். தொட்டிக்குள் இருப்பவரின் கைக்கு எட்டாத, ஆனால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் சுவிட்ச் இருக்க வேண்டும்.

தண்ணீரை மாற்றும்போது, குளோரின் கலந்த பழைய நீரை மாடியிலேயே திறந்துவிட்டால் அது மழைநீர்க் குழாய் வழியாக, வீட்டுத் தண்ணீரைச் சேமிக்கும் நிலத்தடித் தொட்டியான சம்ப்புக்கே போய்ச் சேரலாம்; ஆகவே வடிகாலையும் முன்பே தனியாக அமைக்க வேண்டும். தோட்டத்துக்கும் கார் கழுவவும் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2024 கோடையில் குடிநீர் வாரியம் அறிவித்த ஊர் இது என்பதையும் வாங்குபவர்கள் மறந்துவிடக் கூடாது.

எனவே, விற்பனையாளர்கள் இடத்தை நேரில் அளந்து பார்க்காமல் முன்பணம் வாங்கக் கூடாது. மாடியில் வைப்பதானால் கட்டமைப்புப் பொறியாளரின் எழுத்துபூர்வமான ஒப்புதலைக் கேட்டுப் பெற வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களும் அந்தக் கடிதத்தைப் பார்த்த பிறகே கிரேனை உள்ளே அனுமதிக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்,
அல்சூர், பெங்களூரு