மனக்கண் உளவு: நடுவர் மேசையைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

அமெரிக்கா மனக்கண்ணால் சோவியத் ரகசியங்களைப் பார்த்ததாக உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, சோதனை எப்படி நடந்தது என்பதைத் தொடவே இல்லை. கோளாறே அங்குதான்.

1972இல் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில், சி.ஐ.ஏ. பணத்தில் இயற்பியலாளர்கள் ரஸ்ஸல் டார்க், ஹெரால்டு புத்தாஃப் தொடங்கிய வேலை இது. ஒரு குழு காரில் கிளம்பி, 30 நிமிடத்தில் ஓர் இடத்தை அடைந்து, 15 நிமிடம் நிற்கும். அந்த நேரத்தில் ஆய்வகத்தில் இருக்கும் 'பார்வையாளர்' மனதில் பட்டதை டேப்பில் சொல்வார், வரைவார். பிறகு நடுவர் ஒருவர் ஒவ்வோர் இடத்துக்கும் நேரில் போய், எந்தப் பேச்சு நன்றாகப் பொருந்துகிறது என்று தர வரிசை போடுவார். பேட் பிரைஸ் என்ற பார்வையாளரின் 9 பேச்சுகளில் 7, சரியான இடத்துக்கு முதலிடம் பெற்றன!

நியூசிலாந்தில் பணிபுரிந்த உளவியலாளர்கள் டேவிட் மார்க்ஸும் ரிச்சர்டு காமனும் 1978இல் 'நேச்சர்' இதழில் இதைப் போட்டு உடைத்தார்கள். எழுத்தாக்கிய பேச்சில் 'நேற்றுப் பார்த்த இரண்டு இடங்கள்' போன்ற வரிகள் நீக்கப்படாமல் கிடந்தன. நடுவர் கையில் இருந்த இடங்களின் பட்டியலோ குழு போன வரிசையிலேயே இருந்தது. நேற்றோடு இரண்டு முடிந்தது என்றால் இது மூன்றாவது. பட்டியலில் மூன்றாம் வரியைப் பார்த்தால் போதும். இடங்களுக்குப் போகாமலே மார்க்ஸ் பொருத்திக் காட்டினார். துப்புகளை நீக்கிய பிறகும் வெற்றி குறையவில்லை என்று டார்க், புத்தாஃப் தரப்பு பதில் தந்தது. துப்புகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன என்றார் மார்க்ஸ்.

பின்னாளில் இடத்துக்குப் பதில் ஒரு படத்தைக் குறியாக்கி, நடுவர் முன் அந்தச் சரியான படத்தோடு 4 பொய்ப் படங்களைக் கலந்து வைத்தார்கள். குருட்டாம்போக்கில் ஐந்தில் ஒரு முறை முதலிடம் வரும். 1995இல் இந்தத் திட்டத்தை மதிப்பிட்டவர்களில் புள்ளியியலாளர் ஜெசிகா அட்ஸ், தற்செயலை மீறிய விளைவு உண்டு என்றார். உளவியலாளர் ரே ஹைமன் ஏற்கவில்லை. தலைமை ஆய்வாளரே நடுவராகவும் இருந்ததை அவர் சுட்டினார். பரீட்சை வைத்தவரே விடைத்தாளையும் திருத்தினால் யார் நம்புவார்கள்? சுமார் 2 கோடி டாலர் விழுங்கிய திட்டம் அந்த ஆண்டே மூடப்பட்டது.

சரி, பலித்ததாகவே வைத்துக்கொள்வோம். 1974இல் வரைபட ஆயத்தொலைவை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) மட்டும் வாங்கிக்கொண்டு, சோவியத் அணுகுண்டுச் சோதனைப் பகுதியான செமிபலாட்டின்ஸ்கில் தண்டவாளத்தில் ஓடும் ராட்சதக் கிரேனை பிரைஸ் வரைந்தார். கிரேன் அங்கே உண்மையில் இருந்தது. ஆனால் அதே மூச்சில் சொன்ன பலவும் அங்கே இல்லை. எது சரி, எது தப்பு என்று பிரித்துக் காட்டியது செயற்கைக்கோள் படம். அந்தப் படம் கையில் இருக்கும்போது பிரைஸ் எதற்கு?

1981 டிசம்பரில் இத்தாலியில் அமெரிக்க ராணுவ ஜெனரல் டோசியர் கடத்தப்பட்டபோதும் இந்தப் பார்வையாளர்களைக் கேட்டுப் பார்த்தார்கள். 42ஆம் நாள் பாதுவா நகரின் ஒரு அடுக்குமாடி வீட்டில் அவரை மீட்டது இத்தாலியப் போலீஸ், பிடிபட்டவர்களை விசாரித்து.

– வாசகர், திருச்சி