ஊட்டி பயிற்சிக்குப் போகும் முன்

அன்புள்ள கண்ணுக்கு,

ஊட்டி ஓட்டல் ஊழியர்களுக்கு நீ எடுக்கப்போகும் மூன்று நாள் சுற்றுச்சூழல் பயிற்சியின் பாடத்திட்டத்தைப் படித்தேன். முதல் நாள் முழுக்கப் புவி வெப்பமாதலும் படக்காட்சியுமாக இருக்கிறது. அதை அரை மணியில் முடித்துவிடு. மற்ற நேரமெல்லாம் அவர்கள் கையில் பக்கெட்டும் டிராலியும் இருக்கட்டும்.

காலையில் வகுப்பு வைக்காதே. செக்அவுட் ஆன அறைகளை அடுத்த ஆள் வருவதற்குள் முடிக்க வேண்டிய நேரம் அது. மதியம் 3 முதல் 4.30 வரை, தடவைக்குப் பத்துப் பேர் போதும். ஷிஃப்டுக்குள்ளேயே வை, வார லீவில் வரச்சொன்னால் மனசு ஒட்டாது. வடமாநிலப் பையன்களும் இருப்பார்கள், அதனால் எழுத்தைக் குறைத்துச் செய்துகாட்டு.

தண்ணீரில் தொடங்கு. ஒரு லிட்டர் ஜக் 5 விநாடியில் நிறைந்தால் அந்தக் குழாய் நிமிடத்துக்கு 12 லிட்டர் கொட்டுகிறது என்று அவர்களையே கணக்குப் போடச் சொல். அடுத்து ஃப்ளஷ் டேங்க். மூடியைத் திறந்து சொட்டு நீலம் பத்துச் சொட்டு விட்டு, இருபது நிமிடம் யாரும் தொடக்கூடாது. கோப்பைக்குள் நீலம் இறங்கியிருந்தால் அடி ரப்பர் கசிகிறது. சத்தமே இல்லாத கசிவு, கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள். ரப்பர் விறைத்திருக்கும், இல்லாவிட்டால் அது உட்காரும் விளிம்பில் உப்புப் படிந்திருக்கும். டேங்குக்குள் போடும் குளோரின் வில்லையும் ரப்பரைக் கெடுக்கும். துடைத்தும் நிற்காவிட்டால் அறை எண்ணை எழுதிப் பிளம்பரிடம் கொடுக்க வேண்டும்.

'துண்டை மாட்டினால் மறுபடி பயன்படுத்துவேன், கீழே போட்டால் துவைக்கவும்' என்ற அட்டை எல்லா ஓட்டலிலும் இருக்கிறது. மாட்டிய துண்டையும் ரூம் பாய் எடுத்துப் போய்விடுகிறார், ஏனென்றால் சூப்பர்வைசரின் செக்லிஸ்டில் 'துண்டு மாற்றியாச்சா' என்றுதான் இருக்கும். அவரைக் குறை சொல்லாதே, செக்லிஸ்டை முதலில் மாற்றச் சொல். ஊட்டி ஈரத்தில் குளியலறைக் கொக்கியில் துண்டு காயவும் காயாது. ஜன்னல் பக்கம் ஒரு கம்பி இல்லாவிட்டால் அந்த அட்டை வீண்.

குப்பையும் இதே கதைதான். பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி என்று எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் டிராலியில் ஒரே பை தொங்கினால் பிரித்ததெல்லாம் அதில் ஒன்றாகிவிடும். இரண்டு பை தொங்கவிடு. சானிட்டரி நாப்கினுக்குத் தனியாகச் சின்ன உறை. வெளித்தொட்டிக்குக் கொண்டி போட்ட மூடி வேண்டும். சாப்பாட்டு மிச்சம் தேடிக் குரங்கு வரும், நீலகிரியில் கரடியும் வரும்.

கிளீனிங் கேனில் 1:50 என்றிருந்தால் லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லிதான். கூட ஊற்றினால் தரை பளிச்சென்று ஆகாது. பிசுபிசுப்புத் தங்கி அழுக்கை இழுக்கும், அலசத் தண்ணீரும் கூடும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒருபோதும் சேரக்கூடாது, விஷவாயு வரும். இதை மூன்று நாளும் திரும்பத் திரும்பச் சொல், கண்ணு.

ரிசப்ஷனில் இருப்பவர்களுக்குச் சொல்ல ஒரு வாக்கியம் வேண்டும். "நீலகிரிக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவர வேண்டாம், அறையில் கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் வைத்திருக்கிறோம்." அறை புக் பண்ணும் போனிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும், செக்போஸ்டில் மாட்டிக்கொண்டு வருகிறவரிடம் எதைச் சொன்னாலும் ஏறாது. அந்தப் பாட்டிலின் கழுத்தில் நிரப்பிய தேதி எழுதிய காகிதப் பட்டை இருக்கட்டும். நம்பிக்கை வராமல்தான் வெளியே பாட்டில் தேடுகிறார்கள்.

சான்றிதழைக் கடைசி நாளே கொடுத்துவிடாதே. இரண்டு வாரம் கழித்துப் போய், அவர்களோடு நான்கு அறை சுற்றிப் பார்த்த பிறகு கொடு. அங்கே ஆள் அடிக்கடி மாறும். புதிதாகச் சேருகிறவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பழைய ஆட்களில் இரண்டு பேரைத் தயார் செய்துவிட்டு வா.

சொட்டு நீலம் இங்கிருந்து சுமக்க வேண்டாம், அங்கே மளிகைக் கடையிலேயே கிடைக்கும். ஸ்வெட்டரை மறந்துவிடாதே.

அன்புடன்,
அப்பா