அந்தமான் கிளம்பும் மகளுக்கு

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய அந்தமான் திட்டத்தை நானும் அப்பாவும் உட்கார்ந்து பார்த்தோம். ஏழு ராத்திரி, ஆறு இடம், விமானம் உட்படத் தலைக்கு முப்பதாயிரத்துக்குள் முடிக்கணும் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பணத்துக்குள் முடிக்கலாம் கண்ணு, ஆறு இடத்தை மூன்றாக்கினால்.

அங்கே அறைக்கும் சாப்பாட்டுக்கும் அவ்வளவு ஆகாது, பணத்தைத் தின்பது படகுதான். ஒரு தீவு கூடினால் ஒரு படகு டிக்கெட், படகுத்துறைக்கு, அதாவது ஜெட்டிக்குப் போக ஒரு ஆட்டோ, வர ஒரு ஆட்டோ, அதோடு அரை நாள் காலி. அதனால் போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், இந்த மூன்றையும் ஒரே சுற்றாகப் போட்டுக்கொள். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக், ஹேவ்லாக்கிலிருந்து நேராக நீல், நீலிலிருந்து போர்ட் பிளேர். ஒவ்வொரு தீவுக்கும் போர்ட் பிளேரிலிருந்து தனித்தனியாகப் போய்த் திரும்பினால் நாலு டிக்கெட், இப்படிச் சுற்றினால் மூன்று. டிக்கெட் தளத்தில் புதுப்பெயர்களும் வரும், குழம்பாதே: ஹேவ்லாக் 2018-லிருந்து ஸ்வராஜ் தீப், நீல் ஷஹீத் தீப், போர்ட் பிளேர் 2024-லிருந்து ஸ்ரீ விஜய புரம்.

வடக்கே இருக்கிற திக்லிப்பூரை இந்தத் தடவை விட்டுவிடு. பஸ்ஸில் போகவே ஒரு பகல் முழுக்க ஆகும், திரும்ப இன்னொரு பகல். நீ எழுதியிருக்கும் "ராஸ்" தீவு எது என்றும் பார்த்துக்கொள். மணல் திட்டால் ஸ்மித் தீவோடு சேர்ந்திருக்கிற ராஸ், திக்லிப்பூர் பக்கம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடங்களை ஆலமர வேர்கள் பிடித்துக்கொண்டு நிற்கிற ராஸ், போர்ட் பிளேருக்கு எதிரிலேயே, படகில் கொஞ்ச நேரம்தான். இரண்டாவதற்குப் போ.

பாராடாங் வேண்டாம் என்று நான் சொல்வது செலவுக்காக இல்லை. அங்கே போகிற ரோடு ஜராவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் போகிறது. வண்டிகளை வரிசையாகச் சேர்த்து, போலீஸ் காவலோடுதான் விடுவார்கள். போட்டோ எடுக்கக்கூடாது, எதுவும் கொடுக்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. அப்படியும் வண்டிக்குள் பாதிப்பேர் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு அவர்களைத்தான் தேடுவார்கள். மனுஷரை வேடிக்கை பார்க்கிற கூட்டத்தில் என் பிள்ளை இருக்க வேண்டாம்.

படகில் இரண்டு வகை. தனியார் படகு ஒன்றரை மணி நேரத்தில் ஹேவ்லாக் சேர்க்கும், டிக்கெட் ஆயிரத்துக்கு மேல். அரசாங்கக் கப்பல் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து கிளம்பும், இரண்டரை மணி ஆகும், காசு சில நூறுதான். தீவுக்காரர்களுக்கு முன்னுரிமை உண்டு என்பதால் நினைத்த தேதிக்குக் கிடைக்கும் என்று நம்பி இருக்காதே. கிடைத்தால் விடாதே. ஏசி போட்டு மூடிய கூண்டுக்குள் உட்காராமல் மேல்தட்டில் நின்றுகொண்டே போகலாம். போன வருஷம் நானும் சித்தியும் அப்படித்தான் போனோம். துறைமுகத்தைத் தாண்டியதும் தண்ணீரின் நிறம் மாறியது. கப்பலுக்கு முன்னால் பறவை மீன்கள் கூட்டமாக எழும்பி, ஒரு வீச்சுத் தூரம் பறந்து விழுந்தன. சித்தி சாப்பாட்டுப் பொட்டலத்தைக்கூடப் பிரிக்கவில்லை.

ஹேவ்லாக்கில் மூன்று ராத்திரி இரு. ராதாநகர் கடற்கரைக்கு ஜெட்டிப் பக்கமிருந்து பஸ் உண்டு. நீங்கள் மூன்று பேர், ஸ்கூட்டர் என்றால் இரண்டு எடுக்கணும், பஸ் ஓடாத நேரத்துக்கு மட்டும் எடுங்கள். சாப்பாட்டுக்குக் கோவிந்த் நகர் பஜாருக்குப் போங்கள். அங்கே குடியேறியவர்களில் பெரும்பாலோர் வங்காளிகள், சின்னக் கடைகளில் மீனும் சோறும் பருப்புமாக வயிறு நிறையப் போடுவார்கள்.

கடலுக்கடியில் மூழ்கிப் பார்க்கிற ஸ்கூபாவுக்கு மட்டும் பேரம் பேசாதே. சில ஆயிரம் ஆகும், ஆகட்டும். ஒருத்தருக்கு ஒரு பயிற்சியாளர் என்று உறுதியாகச் சொல்கிற இடத்தில்தான் இறங்கணும். அதை ஹேவ்லாக்கிலேயே முடித்துவிடு. ஆழத்தில் மூழ்கி எழுந்த பிறகு 18 மணி நேரமாவது விமானம் ஏறக்கூடாது.

நீலுக்கு இரண்டு ராத்திரி. சைக்கிளே போதும், தீவு அவ்வளவு சின்னது. அங்கே இயற்கைப் பாலம் என்று ஒரு பாறை வளைவு இருக்கிறது. அதைப் பார்க்கப் போவதற்கு முன் தங்குகிற இடத்தில் நீர் வற்றும் நேரத்தைக் கேட்டுக்கொள். தண்ணீர் ஏறியிருந்தால் அந்தப் பாறைமேல் நடக்க முடியாது. வற்றியிருந்தால் பள்ளம் பள்ளமாகத் தேங்கிய நீரில் நண்டும் கடல் அட்டையும் குட்டி மீனும் தெளிவாகத் தெரியும். செருப்பு பட்டை போட்டதாக இருக்கட்டும், செத்த பவளம் காலைக் கிழித்துவிடும். சங்கு, பவளம் எதையும் பையில் போடாதே, விமான நிலையத்தில் சோதிப்பார்கள்.

கடைசி ராத்திரி போர்ட் பிளேரில்தான். காலையில் நீலிலிருந்து கிளம்பி மத்தியானம் விமானம் பிடிக்கலாம் என்று ஒரு அறை வாடகையை மிச்சம் பிடித்திருக்கிறாயே, அதை மாற்று. காற்று எழும்பினால் படகை நிறுத்திவிடுவார்கள். அந்த எண்ணூறு ரூபாயைப் பார்த்தால் மூன்று விமான டிக்கெட்டும் போகும். அன்றைக்குச் சாயங்காலம் செல்லுலார் ஜெயிலுக்குப் போங்கள். 1906-ல் கட்டி முடித்தது, ஏழு கிளையில் இப்போது மூன்றுதான் மிச்சம். அபர்தீன் பஜாரில் தமிழ் பேசிக்கொண்டே இட்லி சாப்பிடலாம். அப்பாவுக்கு அங்கே வேலை இருந்த காலத்தில் எனக்கு அந்தக் கடைவீதிதான் ஊர்.

ஜனவரி, பிப்ரவரி நல்லது. மே கடைசியில் மழை பிடித்துவிடும். ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும், ஆனால் விடிவதும் சீக்கிரம். ஆகையால் நாலரைக்கு எழுந்து பழகு. கையில் ரொக்கம் வைத்துக்கொள், நீலில் ஏடிஎம்மை நம்பாதே. மணல் ஈ கடிக்கும், கடற்கரையில் உட்காருவதற்கு முன் காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள். முதலை எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிற இடத்தில் காலைக்கூட நனைக்காதே.

விமான டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு போன் பண்ணு. உன்னோடு வருகிற இரண்டு பேரில் யாருக்கு நீச்சல் தெரியாது என்பதையும் அப்போதே சொல்லு.

அன்புடன்,
அம்மா