பளபளக்காத கல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய நாலு கல் படங்களையும் அப்பாவிடம் காட்டினேன். "எல்லாம் கல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். அதனால் நானே எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும்.

சமையல் மேடைக்குப் பளபளக்காத மேட் கல்தான் வேண்டும் என்று நீ சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆச்சி வீட்டு அம்மி என்ன பளபளவென்றா கிடந்தது? வழவழப்பாகிவிட்டால் ஆள் கூப்பிட்டுக் கொத்தச் சொல்வார்கள்.

ஆனால் மூன்றாவது படத்தில் இருக்கும் வெள்ளை மார்பிள் வேண்டாம். மார்பிள் சுண்ணாம்பு ஜாதி. எலுமிச்சை, புளி, தயிர் எது பட்டாலும் அரிக்கும். மேட் கல்லில் அந்தத் தழும்பு அவ்வளவாகத் தெரியாது என்பது சரி, மஞ்சள் கறை தெரியுமே? நம் பழைய வீட்டுக் கடப்பா மேடையில் ஊறுகாய்க்கு எலுமிச்சை நறுக்கிய இடமெல்லாம் வெளுத்துக் கிடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கறுப்பாக இருந்தாலும் அதுவும் சுண்ணாம்புக் கல்தான்.

கிரானைட்டே எடு. அதிலும் ஹோன்ட் வேறு, லெதர் வேறு. ஹோன்ட் என்றால் பாலிஷ் வேலையைப் பாதியில் நிறுத்திய கல். கறுப்பில் எடுத்தால் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். எண்ணெய்க் கை பட்ட இடமெல்லாம் கருந்திட்டாகத் தெரியும். உன் சித்தி அதைப் போட்டுவிட்டு நாள் முழுக்கத் துணியும் கையுமாக நிற்கிறாள். லெதர் என்றால் தோல் மாதிரி மேடுபள்ளமாக இருக்கும் கல். அதை வைரத்துகள் பதித்த பிரஷ்ஷால் தேய்ப்பார்கள். நிறமும் வெளுக்காது, விரல் தடமும் தெரியாது. சின்னச் சின்னப் பள்ளத்தில் சப்பாத்தி மாவு போய் உட்காரும், அவ்வளவுதான். மெத்தென்ற பிரஷ் ஒன்று வைத்துக்கொள்.

பெங்களூர் பக்கத்து ஜிகணிக்குக் கல் பார்க்கப் போகும்போது, சீலர் (கறை இறங்காமல் தடுக்கும் பூச்சு) அடிக்காத துண்டு கையகலம் கேட்டு வாங்கு. தண்ணீரைச் சொட்டிக் கால் மணி நேரம் பார். ஊறிக் கறுத்தால் அந்தக் கல் எதையும் குடிக்கும். அப்புறம் நல்லெண்ணெய், மஞ்சள் கரைசல், எலுமிச்சைச் சாறு மூன்றையும் தனித்தனியாக விட்டு ராத்திரி முழுக்க வை, காலையில் துடைத்துக் கறை நிற்கிறதா என்று பார். கறுப்புக் கல் என்றால் இன்னொன்றும் செய். வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்து அழுத்தித் துடை. துணி கறுத்தால் சாயம் ஏற்றிய கல். பூஜை அறைக்கு நாங்கள் வாங்கியது ஆறே மாதத்தில் வெளுத்த பிறகுதான் எனக்கு இந்த வித்தை தெரிந்தது. விற்றவரிடம் கேட்டதற்கு, "விளக்கெண்ணெய் தடவுங்கம்மா" என்றார்!

மேடை போட்ட கையோடு சிமென்ட் கறையைப் போக்க ஆசிட் ஊற்றுவார்கள். அதை ஊற்ற விடாமல் பார்த்துக்கொள்ள, அந்த நேரம் மாப்பிள்ளையைப் பக்கத்திலேயே நிற்கச் சொல். பிறகு சீலர் அடிக்க வேண்டும். அது பளபளப்பு தராத, கல்லுக்குள் இறங்கும் வகையாக இருக்கட்டும். எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்று கணக்கு வைக்காதே. தண்ணீர் முத்து முத்தாக நிற்கும் வரை விட்டுவிடு, ஊற ஆரம்பித்தால் மறுபடி அடி.

தினமும் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, வெந்நீர், ஈரம் போகத் துடைப்பு. போர் தண்ணீர் என்றால் குழாயடியில் உப்பு பூக்கும். உடனுக்குடன் துடைத்தால் அதுவும் வராது. எண்ணெய் ஊறிவிட்டால் சமையல் சோடாவைக் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விடு. அடுப்புக்கு வெட்டிய இடத்தின் ஓரம் மெல்லிசு, குக்கரைச் சுடச்சுட அதன்மேல் இறக்காதே. பிரிமணை நான் அனுப்புகிறேன்.

சோதனைக்கு வாங்கிய துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதே. பொங்கலுக்கு வரும்போது ஒன்றைக் கொண்டு வா, எனக்கு இஞ்சி தட்ட ஆகும்.

அன்புடன்,
அம்மா