வேலூர்ப் பக்கத்துக் கல்லூரி லேப் நிர்வாகிகளுக்கு: அந்த என்எஃப்எஸ் சர்வரைக் கொஞ்சம் கவனியுங்கள்

காட்பாடி, வேலூர், ராணிப்பேட்டை, வாலாஜா பக்கம் பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக் லேப்களில் சர்வர் பார்த்துக்கொள்ளும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம்.

சமீபத்தில் வேலையாக ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன், பெயர் வேண்டாம். சர்வரில் ஃப்ரீபிஎஸ்டி 14 (யூனிக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டம்), நல்ல ஹார்டுவேர், இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம், எல்லாம் ஜோர். ஆனால் மாணவர்களின் ஹோம் டைரக்டரி (அவரவர் கோப்புகள் இருக்கும் இடம்) மொத்தமும் என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் முறை) பதிப்பு 3-இல், அதுவும் கேம்பஸ் நெட்வொர்க் முழுக்கத் திறந்து கிடக்கிறது. பதிப்பு 3 வந்தது 1995-இல்; அந்த வருஷம் பிறந்தவரே இப்போது அங்கே லெக்சரராக இருக்கலாம்.

என் புகார் வேகத்தைப் பற்றி இல்லை. வழக்கமான செட்டிங்கில் கிளையன்ட் (சர்வரை அணுகும் மெஷின்) என்ன யூஐடி (யூசர் எண்) சொல்கிறதோ அதை சர்வர் அப்படியே நம்பிவிடும். கல்யாணப் பந்தியில் "நான் மாப்பிள்ளை வீடு" என்று உட்கார்ந்தால் இலை போட்டுவிடுவார்களே, அதே கதைதான். ஒரு பையன் தன் லேப்டாப்பில் ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள யூசராக) இருந்துகொண்டு 1007 என்ற எண்ணில் ஒரு யூசரை உருவாக்கி, சர்வரின் டைரக்டரியை மவுண்ட் செய்தால் (தன் மெஷினோடு இணைத்தால்), சர்வரில் அந்த எண்ணுக்குரிய பெண்ணின் ப்ராஜெக்ட் முழுவதும் அவன் கையில். "ரூட்டைத்தான் சர்வர் நோபடியாக (அதிகாரமே இல்லாத யூசராக) மாற்றிவிடுகிறதே" என்றார்கள் அந்தக் கல்லூரியில். சரி, ரூட்டை மாற்றும். 1007-ஐ யார் தடுப்பது?

பதிப்பு 4-க்குத் தாவினால் மட்டும் இது தீராது. யார் கேட்கிறார்கள் என்று சரிபார்க்கும் கெர்பரோஸ் ரொம்ப நாளாக இருக்கிறது, ஆனால் அதை நிறுவிப் பராமரிக்க நம் பக்கம் யாருக்கும் பொறுமை கிடையாது (எனக்கும்தான்). அதற்காகவே சொல்கிறேன், ஃப்ரீபிஎஸ்டியின் என்எஃப்எஸ்ஸைப் பல வருடங்களாகத் தாங்கிப்பிடிக்கும் ரிக் மாக்லம் எழுதிய டிஎல்எஸ் (சர்டிபிகேட் பார்த்து, போக்குவரத்தை என்கிரிப்ட் செய்யும் முறை) வசதி 2021-இல் 13.0-லேயே வந்துவிட்டது, 2022-இல் அதற்கான நெறிமுறை ஆர்எஃப்சி 9289 என்ற இணையத் தர ஆவணமாகவும் வெளியானது, லினக்ஸ் கெர்னலிலும் 2023-இல் சேர்ந்தது. சர்வரின் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் (எந்த டைரக்டரியை யாருக்குத் திறப்பது என்று எழுதிவைக்கும் கோப்பு) டிஎல்எஸ்சர்ட் ஆப்ஷனைப் போட்டுவிட்டால், நீங்கள் கையெழுத்திட்ட சர்டிபிகேட் உள்ள லேப் மெஷின்கள் மட்டுமே மவுண்ட் செய்ய முடியும். ஒயரில் போவதும் என்கிரிப்ட் ஆகிவிடும். லேப் மெஷின்களின் ரூட் பாஸ்வேர்டு மாணவர்களிடம் இருக்கக்கூடாது, அது வேறு.

பதிப்பு 4-க்கு மாற வேறு காரணங்களும் உண்டு. ஃபயர்வாலில் 2049 என்ற போர்ட் ஒன்றைத் திறந்தால் போதும், மவுண்ட்டி, லாக்டி, ஸ்டாட்டி என்று பதிப்பு 3-இன் துணை சர்வீஸ்களுக்காக அலைய வேண்டாம். 4.2 என்றால் பெரிய விஎம் (விர்ச்சுவல் மெஷின்) இமேஜை சர்வருக்குள்ளேயே நகலெடுக்கச் சொல்லலாம். கரண்ட் போய் சர்வர் ரீபூட் ஆனாலும், கோப்புகளின் மேல் போட்ட லாக்குகளைத் திரும்பக் கேட்டு வாங்கும் முறை பதிப்பு 4 நெறிமுறைக்குள்ளேயே இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: ஃப்ரீபிஎஸ்டி கிளையன்டில் நீங்களாக என்எஃப்எஸ்வி4 என்று எழுதாவிட்டால் அது 3-க்குத்தான் போகும். எழுதிய பிறகு எல்லாக் கோப்பும் நோபடி பெயரில் தெரிந்தால் பதறாதீர்கள், இரண்டு பக்கமும் டொமைன் பெயர் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

சர்டிபிகேட் வேலையெல்லாம் மே மாத லீவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஒன்று மட்டும் செய்யுங்கள்: ஏதாவது ஒரு மாணவரின் லேப்டாப்பில் ஷோமவுண்ட் கட்டளையை (சர்வர் எதை யாருக்குத் திறந்திருக்கிறது என்று காட்டும்) மைனஸ் இ போட்டு ஓட்டிப் பாருங்கள். ஹோம் டைரக்டரிக்குப் பக்கத்தில் 'எவ்ரிஒன்' என்று வந்தால், எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் அந்த வரியை லேப் சப்நெட்டுக்கு மட்டும் குறுக்கிவிட்டு அப்புறம் வீட்டுக்குப் போங்கள்.